ஐந்து சோதனைகளைத் தாண்டி வரும் கிருமி

ரத்த வங்கியிலிருந்து வார்டுக்கு வரும் பையை யாரும் நின்று நிதானமாகப் படிப்பதில்லை. எந்த குரூப் என்று பார்ப்பார்கள், காலாவதித் தேதியைப் பார்ப்பார்கள், ஸ்டாண்டில் மாட்டிவிடுவார்கள். அதே லேபிளில் சின்ன எழுத்தில் இன்னொரு வரிசையும் உண்டு: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி, சிஃபிலிஸ், மலேரியா. ஐந்துக்கும் நெகட்டிவ். இந்த ஐந்தையும் சோதிக்காமல் ஒரு யூனிட் ரத்தம்கூட வெளியே போகக் கூடாது என்பது இந்தியாவில் சட்டம். ஹெபடைடிஸ்-சி அந்தப் பட்டியலில் ஏறியது 2001-ல்தான். லேபிள் சொல்வது பெரும்பாலும் உண்மை, எப்போதாவது பொய். அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மிடம் தயாராக இருக்கும் பதில், கிட் மட்டமானது, மெஷின் பழையது, புதிது வாங்கினால் சரியாகிவிடும் என்பது. இது பாதி உண்மை. மீதிப் பாதி பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே இருக்கிறது. ரத்தம் எடுக்கும் கட்டிலில் படுத்திருப்பவர் யார், எதற்காக வந்து படுத்தார், இதற்கு முன் எத்தனை முறை படுத்தார் என்பதில்தான் அந்த லேபிளின் நம்பகம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

முதலில் சோதனை எதைத் தேடுகிறது என்று பார்ப்போம். இங்கே நடக்கும் வழக்கமான சோதனைகள் வைரஸை நேராகத் தேடுவதில்லை. அது விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடுகின்றன. ஹெபடைடிஸ்-பி விஷயத்தில் அந்தத் தடயம் வைரஸின் மேலுறைப் புரதம். 1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டதால் முதலில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று அழைக்கப்பட்ட அதே புரதம். இதற்காக அவருக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெபடைடிஸ்-சி விஷயத்தில் வழக்கமான சோதனை இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. வைரஸுக்கு எதிராக நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புரதத்தைத்தான் அது தேடுகிறது. உடல் அதைத் தயாரிக்க நாளாகும். தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து சுமார் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல், அந்தச் சோதனை ‘நெகட்டிவ்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மேலுறைப் புரதச் சோதனைக்கு இந்த இடைவெளி சுமார் ஐந்து வாரம். ‘ஜன்னல் காலம்’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த ஜன்னல் காலத்தில் ரத்தத்தில் கிருமி குறைவாகத்தானே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சி வைரஸ் அப்படிப்பட்டதல்ல. ஆரம்பத்தில் அது அரை நாளுக்குள் இரட்டிப்பாகிறது. ஓரிரு வாரத்திலேயே உச்சத்தைத் தொட்டு, எதிர்ப்புரதம் தலைகாட்டும்வரை வாரக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் வைரஸ் இருக்கும். ஆனால் எதிர்ப்புரதத்தைத் தேடும் எலைசா சோதனையின் பிளேட்டில் குழி நிறம் மாறாமல் இருக்கும். கொடையாளருக்குக் காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, சோர்வுகூட இல்லை. பி வைரஸின் நடை வேறு. அது இரட்டிப்பாக இரண்டரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வைரஸின் மரபணுவையே நேராகத் தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை, அதாவது ‘நாட்’ டெஸ்ட், சி-யின் ஜன்னலை எட்டு வாரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் குறைக்கிறது. பி-யின் ஜன்னலை ஐந்து வாரத்திலிருந்து மூன்று வாரம் வரைதான் குறைக்க முடிகிறது.

இந்த ‘நாட்’ டெஸ்ட் இந்தியாவில் இன்னும் எல்லா ரத்த வங்கிகளுக்கும் கட்டாயமாகவில்லை. அது இல்லாததால் என்ன தவறிப்போகிறது என்பதற்கு 2008-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்குக் கொடுத்தது. நாட்டின் எட்டு ரத்த வங்கிகளிலிருந்து 12,224 மாதிரிகளை எடுத்து, வழக்கமான சோதனையோடு ‘நாட்’ சோதனையையும் செய்து பார்த்தார்கள். வழக்கமான சோதனையில் நெகட்டிவ் வந்து, ‘நாட்’டில் மாட்டியவை 8. அதாவது 1,528 யூனிட்டுக்கு ஒன்று. எட்டில் ஆறு ஹெபடைடிஸ்-பி. ஒரு யூனிட்டைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்குக்கூட ஏற்றுகிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் இதே சோதனை 1999-ல் தொடங்கி முதல் மூன்று ஆண்டுகளில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட தானங்களைச் சலித்தபோது கூடுதலாகப் பிடிபட்டவை சி-யில் 170, எச்.ஐ.வி.யில் 12. சி-யில் சுமார் 2.3 லட்சத்துக்கு ஒன்று. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாதுதான்; அங்கே பி வைரஸ் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் நம் எட்டில் பி-யைக் கழித்துவிட்டு எஞ்சும் இரண்டை மட்டும் எடுத்தால்கூட ஆறாயிரத்துக்கு ஒன்று வருகிறது.

‘நாட்’ வந்தால் கதை முடிந்ததா என்றால், இல்லை. பி வைரஸுக்கு ஒளிந்துகொள்ளத் தெரியும். தொற்று அடங்கி, மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்த பிறகும், கல்லீரல் செல்லின் கருவுக்குள் வைரஸின் மரபணு வட்டமாகச் சுருண்டு ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. சிலரிடம் அதிலிருந்து மிகக் குறைந்த அளவு வைரஸ் விட்டுவிட்டு ரத்தத்தில் கசியும். மறைநிலை ஹெபடைடிஸ்-பி என்று இதற்குப் பெயர். ஸ்லோவேனியாவில் மூன்று கொடையாளர்களின் ரத்தம் தனித்தனியாகச் செய்த ‘நாட்’ சோதனையிலும் நெகட்டிவ் வந்தது; அதைப் பெற்றவர்களில் ஒன்பது பேருக்குத் தொற்று. 2019-ல் வெளியான அந்த ஆய்வு, ஒருவரைத் தொற்றச் சுமார் 16 வைரஸ்களே போதும் என்று கணக்கிட்டது. அதுவரை 100 தேவை என்று நம்பப்பட்டது. ஒரு பை பிளாஸ்மாவில் 16 வைரஸ் இருந்தால், சோதனைக்கு எடுக்கும் ஒரு மில்லிக்குள் ஒன்றுகூட விழாமல் போகலாம். மெஷினைக் குறைசொல்லிப் பயனில்லை. அதன் கையில் கொடுத்த குழாயில் கிருமியே இல்லை. இன்னொரு வகை நழுவலும் உண்டு. மேலுறைப் புரதத்தின் 145-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால், அதைப் பிடிக்க வைத்த எதிர்ப்புரதம் சரியாக ஒட்டாது. 1990-ல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த மாற்றத்தைப் பல கிட்கள் தவறவிட்டன. இன்றைய நல்ல கிட்கள் பெருமளவு பிடித்துவிடுகின்றன. விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் கார்டு டெஸ்ட்டுக்கு அந்தத் திறன் குறைவு. கோடு தெரிய அதற்கு எலைசாவைவிடப் பல மடங்கு அதிகப் புரதம் வேண்டும்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1988-ல் ‘லான்செட்’ இதழில் சென்னை ஆய்வாளர்களும் பிளம்பெர்க்கும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ்-பி சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்தது என்றது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு கிட்டவில்லை. அதைவிட முக்கியம், அந்தப் புரதம் மறைவதும் வைரஸ் உடலைவிட்டுப் போவதும் ஒன்றல்ல என்பது. இன்றும் காமாலைக்கு மருந்து குடித்துவிட்டு, ‘டெஸ்ட் நெகட்டிவ் வந்துவிட்டது, குணமாகிவிட்டது’ என்று ரத்த தானத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ரத்தத்தைப் பெறுபவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கே இது ஆபத்து. பிற்பாடு புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து ஏறும்போது ஒளிந்திருந்த வைரஸ் கிளம்பிக் கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அந்த மருந்தின் அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னவை வைரஸின் சாமர்த்தியம். மனிதர்களின் அலட்சியம் தனிக் கணக்கு. மாதிரி மாறுவது, இரண்டு முதல் எட்டு டிகிரியில் இருக்க வேண்டிய கிட் கரன்ட் போன நேரத்தில் சூடாவது, பதினைந்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டிய கார்டை ஐந்தாவது நிமிடத்திலேயே பார்த்து எழுதிவிடுவது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை தமிழ்நாடு மறந்திருக்காது. வேற்று வைரஸ்தான்; ஆனால் பாடம் இதே பாடம். கொடுத்த இளைஞருக்கு ஈராண்டுகளுக்கு முந்தைய தானத்திலேயே தொற்று தெரிந்திருந்தும் தகவல் அவரைச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வெளியாயின. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தெரிந்ததும் அவரே ஓடிவந்து ரத்த வங்கியிடம் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. கோடி ரூபாய் மெஷின் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஒரு பதிவேடும், ஒரு தொலைபேசி அழைப்பும் போதுமாக இருந்தன.

இப்போது கட்டிலில் படுத்திருப்பவருக்கு வருவோம். சோதனைக்கும் கொடையாளருக்கும் உள்ள பங்கை வரலாறு ஒருமுறை அளந்தே காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில், 1960-களில் திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ரத்தம் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் வந்தது. ரத்தத்தில் பெரும்பகுதி காசுக்கு விற்றவர்களுடையது. 1970-ல் அங்கே இரண்டு காரியம் நடந்தது: மேலுறைப் புரதச் சோதனை வந்தது, விலைக்கு வாங்குவதை நிறுத்தித் தன்னார்வலர்களிடம் மட்டும் எடுத்தார்கள். தொற்று விகிதம் 33 சதவீதத்திலிருந்து சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஆய்வுகளை நடத்திய ஹார்வி ஆல்ட்டர், மொத்தத் தொற்றில் பி வைரஸின் பங்கு கால்வாசி அளவுதான் என்று கண்டார். மீதி அப்போது பெயர்கூட இல்லாத வைரஸால் வந்தது. அதைக் கண்டுபிடிக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆல்ட்டர் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு 2020-ல் வந்தது. சோதனையே இல்லாத ஒரு வைரஸின் வரத்தைக் கொடையாளரை மாற்றியதே பெருமளவு குறைத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எந்த கிட் கம்பெனியின் விளம்பரத்திலும் இந்தத் தகவல் வராது.

கணக்கும் இதையே சொல்கிறது. ஜன்னல் காலத்தில் நழுவும் ரத்தத்தின் அளவு இரண்டு எண்களின் பெருக்கல்: கொடையாளர்களிடையே புதுத் தொற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது, சோதனை எத்தனை நாள் குருடாக இருக்கிறது. ‘நாட்’ இரண்டாவது எண்ணைக் குறைக்கிறது. முதல் எண்ணைக் குறைக்க எந்த மெஷினாலும் முடியாது. 1996-ல் அமெரிக்கத் தன்னார்வத் தொடர் கொடையாளர்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டார்கள். ‘நாட்’ வருவதற்கு முன்பே சி நழுவும் வாய்ப்பு 1,03,000-க்கு ஒன்று, பி 63,000-க்கு ஒன்று. அந்த நாட்டில் தொற்றே குறைவு என்பது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் பி சுமப்பவர்கள் சுமார் 2.98 கோடி, சி சுமப்பவர்கள் 55 லட்சம். அதனால்தான் கொடையாளரைத் தேர்ந்தெடுப்பது நமக்கு அவர்களைவிட இன்னும் அவசியம்.

ஆனால் நம் மருத்துவமனைகளில் நடப்பது என்ன? ‘ரெண்டு யூனிட் வேணும், ஆளைக் கூட்டிட்டு வாங்க’ என்பதுதான். 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. 2002-ன் தேசிய ரத்தக் கொள்கை, நோயாளியின் உறவினரிடம் ஈட்டுக்கு ரத்தம் வாங்கும் முறையையும் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. படிகள் இன்னும் முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அக்கா படுத்திருக்க, தம்பியிடம் படிவத்தை நீட்டி, ‘கடந்த ஓராண்டில் பச்சை குத்தினீர்களா, காமாலை வந்ததா, வேறு உறவு உண்டா’ என்று கேட்டால் அவர் என்ன எழுதுவார்? உண்மையை எழுதினால் அக்காவுக்கு ரத்தம் கிடைக்காது; பக்கத்தில் மாமா நிற்கிறார். படிவம் முழுக்க ‘இல்லை’ என்று நிரம்பும். பச்சை குத்தியவரை ஓராண்டு தள்ளிவைக்கும் விதி எதற்காக இருக்கிறது? சோதனையால் பார்க்க முடியாத அந்த வாரங்களைக் கடக்கத்தான். பதில் பொய்யாகும்போது அந்த விதியும் செத்துப்போகிறது. வெளியில் ஏதாவது ஓர் ஆளுக்குக் காசு கொடுத்து ‘சித்தப்பா பையன்’ என்று அழைத்துவருவதும் நடக்காத காரியமல்ல.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. கானா நாட்டில் ஆய்வு செய்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான்-பியேர் அலென் போன்றவர்கள், உறவினருக்காகக் கொடுப்பவருக்கும் முதல்முறை தன்னார்வமாகக் கொடுப்பவருக்கும் தொற்று விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டினார்கள். உறவினர்களைத் துரத்தினால் ஏழை நாடுகளில் ரத்தமே கிடைக்காமல் ஆட்கள் சாவார்கள் என்றும் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வையே கவனமாகப் படித்தால், பாதுகாப்பு ‘தன்னார்வம்’ என்ற பட்டத்தில் இல்லை, இரண்டாவது, மூன்றாவது தானத்தில் இருக்கிறது என்பதுதான் தெரிகிறது. திரும்பத் திரும்ப வருபவர் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகிறார். ஒரு முறை நழுவினாலும் அடுத்த முறை மாட்டுகிறார். அப்போது போன முறை கொடுத்தது யாருக்குப் போனது என்று தேடிப்போக வழி இருக்கிறது. ஒரே ஒரு முறை வந்துபோனவரின் நழுவல் யாருக்கும் தெரியாமலே போகும். ஆக, தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் ஆயிரம் யூனிட் எடுத்து ஃபிளெக்ஸ் வைப்பதால் பெரிய லாபமில்லை. அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள் என்று யாராவது எண்ணுகிறார்களா? எண்ண வேண்டியது அதைத்தான். அக்காவுக்காக வந்த தம்பியையும் துரத்த வேண்டாம். அவருடைய எண்ணை வாங்கிவைத்து, மூன்று மாதம் கழித்து, அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில் கூப்பிடுங்கள். அப்போது படிவத்தில் அவர் உண்மையை எழுதுவார்.

செலவு பற்றிய ஆட்சேபம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு வாங்கும் செயலாக்கக் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட நிகராக ‘நாட்’ சோதனைக்கும் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே மருந்து போதாத நாட்டில் இது ஆடம்பரமில்லையா என்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கான யூனிட்டில் ஒன்றைப் பிடிக்கவே செல்வந்த நாடுகள் இதைக் கட்டாயமாக்கின. ஆயிரத்தைந்நூறில் ஒன்று மாட்டும் இடத்தில் அதே பணத்துக்குப் பலன் எத்தனையோ மடங்கு. தாலசீமியா குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற வேண்டும். மாதம் இரண்டு யூனிட் என்றால், இருபது வயதுக்குள் 480 அந்நியர்களின் ரத்தம் அந்த உடலுக்குள் போயிருக்கும். சிறிய ஆபத்தை 480 முறை எடுத்தால் அது சிறிய ஆபத்தல்ல. ஒவ்வொரு ரத்த வங்கியும் தனி மெஷின் வாங்க வேண்டியதில்லை. மாதிரிகளை மண்டலத்துக்கு ஒரு கூடத்துக்கு அனுப்பினால் போதும். செலவைக் குறைக்கிறேன் என்று மாதிரிகளைக் கூட்டாகக் கலந்து சோதிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜப்பானில் 20 மாதிரிகளைக் கலந்து பார்த்ததில் எச்.ஐ.வி. தொற்றிய ஒரு கொடையாளர் நழுவியது 2013-ல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அவர்கள் தனித்தனிச் சோதனைக்கு மாறினார்கள்.

பழைய தொற்றின் அடையாளமான உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்புரதத்தையும் சோதித்தால் மறைநிலை ஹெபடைடிஸ்-பி பெரும்பாலும் மாட்டிவிடும். ஜப்பானும் அமெரிக்காவும் 1980-களிலேயே தொடங்கிவிட்டன, பிரிட்டன் 2022-ல் தொடங்கியது. இங்கே அதைக் கட்டாயமாக்கினால் தொற்று நீங்கிப்போன ஏராளமானவர்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப நேரிடும். ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும். இந்த ஆட்சேபத்தை ஏற்கிறேன். எல்லோருக்கும் இல்லாவிட்டாலும், தாலசீமியா குழந்தைகளுக்கும் புற்றுநோய் வார்டுக்கும் போகும் யூனிட்டுகளுக்காவது செய்யலாம்.

இதையெல்லாம் எழுதினால் மக்கள் பயந்து ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுப்பார்களே என்று சிலர் கவலைப்படுவார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கால் சாகக் கிடக்கும் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றாததைவிடப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆபத்தை மறைத்துவைப்பதால் அது குறைவதில்லை, பொறுப்பு மட்டுமே கைநழுவுகிறது. ரத்தத்தின் வழியே சி தொற்றிய 114 பேர் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கில் 2001-ல் நீதிபதி பர்டன் அளித்த தீர்ப்பு இதற்குப் பதில். அப்போது இருந்த அறிவால் தவிர்த்திருக்க முடியாது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. சுத்தமான ரத்தத்தை எதிர்பார்க்க மக்களுக்கு உரிமை உண்டு, ஆபத்து இருப்பதை டாக்டர்கள் மட்டும் அறிந்திருந்து மக்களுக்குச் சொல்லாதபோது அந்த ரத்தம் குறையுள்ள பொருளே, அதை வழங்கிய அமைப்பு ஈடு தர வேண்டும் என்றார். இந்தியாவில் ரத்தம் பெற்று ஆறு மாதம் கழித்து நோயாளியை அழைத்து ஒரு சோதனை செய்யும் வழக்கமே பெரும்பாலான இடங்களில் இல்லை. நழுவியது எத்தனை என்று தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். தெரியாததால், நழுவவே இல்லை என்று நம்பிக்கொள்கிறோம்.

வாசகர்கள் கையில் உடனே இருப்பவை சில. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை முழுவதும் போட்டு, எதிர்ப்பு உண்டானதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு சி எதிர்ப்புரதம் நெகட்டிவ் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் அது உருவாகாமலே போகலாம், வைரஸையே தேடும் சோதனையைக் கேளுங்கள். ரத்தம் கொடுப்பவர்கள் அடுத்த தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு. 2001-க்கு முன் இந்தியாவில் எந்தக் காரணத்துக்காகவேனும் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால், சி சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் முழுதாகக் குணமாகிவிடும். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் சோதனையும் மாத்திரையும் இலவசம்.